ஒன்பது கிலோ நானூறு

என் அக்காவிடம் எதைக் கொடுத்தாலும் முதலில் அதை உள்ளங்கையில் ஏந்தி ஒருமுறை மேலும் கீழும் அசைப்பாள். தபால் நிலையத்தின் பார்சல் ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்திரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவள். தராசின் முள் நிற்பதற்குள் எடையைச் சொல்லிவிடுவாள். உடன் வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பெயரே ‘தராசு’. என் மகள் பிறந்த அன்று குழந்தையை அவள் கையில் கொடுத்தேன். யார் சாயல் என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. “ரெண்டு கிலோ தொள்ளாயிரம்” என்றாள். நர்ஸ் தன் கையிலிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு யாரும்மா சொன்னது?” என்று கேட்டார். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஐம்பத்தேழாவது வயதில் அவளுக்கு மலைத்தொடர் ஒன்றை நடந்தே கடக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. காரணம் கேட்டேன்.

“முப்பத்திரண்டு வருஷமா நான் கட்டி முத்திரை போட்ட மூட்டையெல்லாம் ஊர் ஊரா போகுது. நான் மட்டும் அந்த ஜன்னல்லயே கெடக்கேன். ஒரு தடவை நானும் மூட்டையோட போய்ட்டு வரேன்டா.”

எங்கள் ஊரில் நெடுநடைச் சங்கம் ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, இருபத்தோரு நாளில் முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர் நடப்பார்கள். தங்குவது கூடாரத்தில், அவரவர் சுமை அவரவர் முதுகில். தலைவர் ஒரு பல் டாக்டர். விதிகள் கடுமையானவை. முதுகுப்பையின் எடை, சுமப்பவரின் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. புறப்படும் காலையில் மைதானத்தில் இரண்டையும் நிறுத்துப் பார்ப்பார்கள். தாண்டினால் அந்த ஆண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கேயே பையைப் பிரித்துப் பொருளைக் குறைக்கவும் அனுமதியில்லை. முன்னொரு முறை ஒருவர் உணவுப் பொட்டலங்களை எடுத்துப் போட்டுவிட்டுப் போய், நான்காம் நாள் மயங்கி விழுந்தாராம். அறுபது வயது ஆனவர்களுக்கு இடமே கிடையாது.

பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் கால்நடை மருத்துவமனையின் பதிவறையில் வேலை பார்க்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். மற்றதெல்லாம் நூலகத்தில் நானாகப் படித்துக்கொண்டது. மலைநடை பற்றி நூலகத்திலிருந்த பதினோரு புத்தகங்களையும் படித்துக் குறிப்பெடுத்தேன். முப்பத்தெட்டுப் பொருள்கள் கொண்ட பட்டியல் உருவானது. கூடாரம், ஸ்லீப்பிங் பேக், ஸ்டவ் முதல் தையல் ஊசி வரை ஒவ்வொன்றையும் மருத்துவமனையில் நாய்க்குட்டிகளை நிறுக்கும் மின்தராசில் வைத்துக் குறித்தேன். மொத்தம் ஒன்பது கிலோ முந்நூற்றைம்பது. அக்காவின் எடை நாற்பத்தேழு கிலோ. ஆகவே அனுமதி ஒன்பது கிலோ நானூறு. ஐம்பது கிராம் மிச்சம் வைத்து முடித்த வேலை அது. விதிப்படி பட்டியலின் நகலைச் சங்கத்திலும் கொடுத்தேன்.

மைதானத்தில் பை பத்து கிலோ ஐம்பது காட்டியது.

“அறுநூத்தி ஐம்பது கிராம் அதிகம்மா. இறங்குங்க” என்றார் டாக்டர். அக்கா எடைமேடையிலிருந்து இறங்கினாள். பேருந்து கண்ணிலிருந்து மறையும் வரை பையைத் தோளிலிருந்து கழற்றாமல் நின்றாள். மறுநாள் பையைச் சோதிக்க நான் போனபோது பொருள்கள் எல்லாம் அலமாரியில் அழகாக அடுக்கப்பட்டிருந்தன.

சங்கத்தின் ஆண்டறிக்கை வந்தது. பதினான்காம் பக்கத்தில் இப்படி இருந்தது: “உறவினர் ஒருவர் தயாரித்த பிழையான பட்டியலின் காரணமாக ஓர் உறுப்பினரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது.” என் பெயரைப் போடவில்லை, அது பெருந்தன்மையாம். எடைமேடையில்தான் கோளாறு என்று நான்கு கடிதங்கள் எழுதினேன். மேடை முறையாகச் சோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட்டது என்று ஒரே ஒரு பதில் வந்தது. பிழை பட்டியலுடையது, உறுப்பினருடையது அல்ல என்பதால் அக்காவுக்கு மறு ஆண்டே இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். அவளுக்கு அப்போது ஐம்பத்தெட்டு.

இம்முறை அவள் பயிற்சியோடு இறங்கினாள். அவள் வீடு இருப்பது பதினான்கு மாடிக் கட்டடத்தில். காலையிலும் மாலையிலும் முதுகில் மூட்டையோடு கீழிருந்து மொட்டைமாடி வரை ஏறி இறங்கினாள். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்து லிஃப்டும் அவர் பராமரிப்பில்தான் ஓடுகிறது.

“மச்சான், என் மானம் போகுது” என்றார் என்னிடம். “லிஃப்ட் ஓடுதா ஓடலையான்னு ஜனங்க உங்க அக்காவைப் பார்த்துத்தான் முடிவு பண்றாங்க. அவ மூட்டையோட படி ஏறினா, கீழ நாலு பேரு எனக்கு போன் பண்ணித் திட்டுறான்.”

“ஓடுற லிஃப்டையே மாசம் ரெண்டு தடவை ரிப்பேர் பண்ற ஆளுக்கு மானம் எதுல ஒட்டிக்கிட்டு இருந்துச்சாம்?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிறு காலை, புதிய பட்டியலோடு அங்கே போனேன். அக்கா கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பழுப்புக் காகிதம், சணல், கத்தரிக்கோல், அரக்கு. கரண்டியைக் காகிதத்தில் சுற்றி, இரண்டு பக்கமும் மடித்து, குறுக்கும் நெடுக்கும் சணல் கட்டி, முடிச்சின்மேல் அரக்கு வைத்து, சீட்டு ஒட்டி, அதில் ‘கரண்டி’ என்று எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாக்ஸ், சோப்பு, மருந்து எல்லாம் அதேபோல் வரிசையாக இருந்தன. பஞ்சின் சீட்டில் ‘கவனம், உடையக்கூடியது’ என்றுகூட எழுதியிருந்தாள்.

“அக்கா, இது என்ன?”

“பார்த்தா தெரியலையா? பேக் பண்றேன்.”

“போன வருஷமும் இப்படித்தான் கட்டினியா?”

அவள் முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். அவசரமே இல்லை. “பின்ன? வெறும் பொருளா எப்படிடா அனுப்புறது? நான் ஒருத்தர்கிட்டயாவது கட்டாத பார்சல் வாங்கியிருக்கேனா?”

முப்பத்தெட்டுக் கட்டுகளையும் அவிழ்த்தேன். காகிதம், சணல், அரக்கு, சீட்டு அத்தனையையும் திரட்டிக் கொண்டுபோய் மருத்துவமனைத் தராசில் வைத்தேன். எழுநூறுக்கு இரண்டு கிராம் குறைவு. ஆக, என் பட்டியல் சரி. நான்கு கடிதங்களில் நான் குற்றம் சாட்டிய எடைமேடையும் சரி.

தராசையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, “உனக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டேன்.

“மேடையில வெச்சப்பவே தெரியும். எழுநூறுன்னா சுத்துன சணல்தான்னு கை சொல்லிடுச்சு.”

“அப்ப ஏன் சொல்லலை?”

“அந்த ஆளு மூஞ்சியைப் பார்த்தியா? அதுக்கப்புறம் நீ லெட்டர் மேல லெட்டரா எழுதிட்டிருந்தே. நல்லா வேற எழுதியிருந்தே. நடுவுல எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.”

எழுத்துமூலம் ஒப்புதல் வேண்டும் என்றேன். மறுப்பில்லாமல் எழுதிக் கொடுத்தாள்: சென்ற ஆண்டு அதிகமான எடை தான் கட்டிய காகிதத்தாலும் சணலாலும் நேர்ந்தது, தம்பியின் பட்டியலில் பிழையில்லை. தேதியும் கையெழுத்தும் இருந்தன. மடித்து என் கையில் வைத்துவிட்டு, விரலை மட்டும் எடுக்கவில்லை.

“டேய். பட்டியல்ல இல்லாததை உறுப்பினரே பையில சேர்த்தா ரெண்டு வருஷம் தள்ளிவெப்பாங்க. ரெண்டு வருஷத்துல எனக்கு அறுபது. இதை இப்ப குடுத்தா நான் ஜன்னல்தான். குடுக்குறதும் குடுக்காததும் உன் இஷ்டம்.”

காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த சிக்கல் அன்றைக்கே தெரிந்தது. அக்காவை எடை பார்த்தேன்: நாற்பத்து மூன்று கிலோ. படி ஏறி ஏறி நான்கு கிலோ குறைந்திருந்தாள். சுமக்கப் பழகப் பழக, சுமக்க அனுமதிக்கும் அளவும் இறங்கியிருந்தது. இனி எட்டு கிலோ அறுநூறுதான். பட்டியலோ மேலே ஏறியிருந்தது. சங்கம் இவ்வாண்டு ஒவ்வொருவருக்கும் கனத்த கம்பளிச் சட்டை ஒன்றைக் கட்டாயமாக்கியதால் ஒன்பது கிலோ தொள்ளாயிரம் ஆகியிருந்தது.

குறைக்க உட்கார்ந்தோம். நான் பொருளை நீட்டுவேன். அவள் கண்ணை மூடி எடையைச் சொல்வாள். நான் தராசில் சரிபார்ப்பேன். இரண்டாவது தட்டு போனது. துண்டு பாதியானது. அத்தான் ரம்பம் எடுத்துவந்து பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பை அறுத்தார்.

“இதை மட்டும் பல் டாக்டர் கண்ணுல காட்டிடாதே” என்றார். “எடைக்கு இல்லாம இதுக்கே திருப்பி அனுப்பிடுவான்.”

ஐந்து பொருள்களை மட்டும் விட்டுக்கொடுக்க நான் சம்மதிக்கவில்லை: குறிப்பேடு, கண்ணாடி, வெப்பமானி, மாற்றுக் காலணிக் கயிறு, விசில். இவை இல்லாமல் மலையில் மனிதர்கள் எப்படியெல்லாம் சிக்கிக்கொண்டார்கள் என்று புத்தகத்திலிருந்து மூன்று நிகழ்ச்சிகளைப் படித்துக் காட்டினேன்.

“நோட்டுப் புஸ்தகம் எதுக்குடா? நான் நடக்கப் போறேனா, மலைக்குக் கணக்கெடுக்கப் போறேனா?”

“நாள்தோறும் எழுதணும். பின்னாடி ஆதாரம் வேணும்.”

அக்கா அந்த ஐந்தையும் இரு கைகளிலும் அள்ளினாள். ஒருமுறை அசைத்தாள். திரும்ப வைத்துவிட்டாள்.

மாலைக்குள் பை ஒன்பது கிலோ நானூறில் வந்து நின்றது. சென்ற ஆண்டு எங்களுக்கு அனுமதித்த அதே அளவு. இந்த ஆண்டு எண்ணூறு கிராம் அதிகம். அதற்குமேல் குறைத்தால் குளிரிலோ பசியிலோ வாட வேண்டும். சங்கத்தின் விதித்தாளை மறுபடியும் எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஏழாம் விதி: “உடல் எடை, நடைக்குரிய முழு உடையுடனும் காலணியுடனும் எடுக்கப்படும்.” சென்ற ஆண்டு எல்லோரையும் காலணியைக் கழற்றச் சொல்லி, மெல்லிய உடையில் நிறுத்துப் பார்த்தது நினைவுக்கு வந்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் படித்திருக்கவும் இல்லை. பூட்ஸ், கால்சட்டை, ரெயின்கோட் எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோ. நாற்பத்தைந்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஒன்பது கிலோ.

“இன்னும் நானூறு இடிக்குது” என்றேன்.

அக்கா ரெயின்கோட்டை எடுத்து உட்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். “பையில இருக்கிற சாமான் கோட்டுக்குள்ள வந்தா அது சுமையா, உடுப்பா?”

நான் கணக்குப் போட்டேன். கோட்டுக்குப் போகும் ஒவ்வொரு கிராமும் பையைக் குறைக்கிறது. அதே கிராம் உடலில் ஏறி அனுமதியையும் கூட்டுகிறது. முந்நூற்று முப்பத்து நான்கு கிராம் இடம் மாறினால் போதும். அவள் நானூறாகவே மாற்றிவிடலாம் என்றாள். எதை மாற்றுவது என்பதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, கோட்டின் உள்ளே பதினோரு பைகள் தைத்தாள்.

புறப்படும் காலை, வெயில் பளிச்சென்று அடித்தது. மைதானத்தில் அக்கா மட்டும் கழுத்துவரை பொத்தான் போட்ட ரெயின்கோட்டில் நின்றாள்.

“காலணியைக் கழட்டிட்டு வாங்கம்மா” என்றார் டாக்டர்.

விதித்தாளை நீட்டினேன். “ஏழாவது விதி, டாக்டர். கீழே உங்க கையெழுத்து.”

அவர் படித்தார். தாளைப் புரட்டிப் பின்பக்கத்தையும் பார்த்தார், அங்கே ஒன்றுமில்லை. வரிசையில் நின்றவர்கள் சத்தமில்லாமல் பூட்ஸை மாட்டிக்கொள்ளத் தொடங்கினார்கள்.

“சரி. கோட்டு எதுக்கு? இந்த வெயில்ல?”

“மலை மழை சொல்லிட்டு வருமா சார்? நான் ஜாக்கிரதைக்காரி” என்றாள் அக்கா. மேடையேறினாள். நாற்பத்தைந்து கிலோ அறுநூறு. என் கணக்கைவிட இருநூறு கிராம் கூடுதல். பையை மாட்டச் சொல்லி, கூடிய எடையைப் பார்த்தார்கள்: சரியாக ஒன்பது. தேறிவிட்டாள்.

டாக்டர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “போன வருஷ லிஸ்ட் உங்களோடதுதானே?”

ஒப்புதல் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. அக்கா மேடையின்மேலேயே நின்றாள்.

“ஆமா டாக்டர். என்னோடதுதான்.”

“இந்தத் தடவை சரியா போட்டிருக்கீங்க” என்று என் தோளில் தட்டினார். “தப்புல இருந்து கத்துக்கிறவங்களை எனக்குப் பிடிக்கும்.”

பேருந்து கிளம்பியது. ஜன்னலிலிருந்து அக்கா கையசைத்தாள். அவள் முகத்தில் இருந்தது நன்றி அல்ல. சிரிப்பை அடக்கும்போது வரும் சுருக்கம்.

முந்நூற்றுப் பத்து கிலோமீட்டரையும் நடந்து முடித்துத்தான் திரும்பினாள். ஒப்புதல் கடிதத்தின் நகலை அதன்பிறகு சங்கத்துக்கு அனுப்பிவிட்டேன். கிடைத்ததற்கான அத்தாட்சியும் வந்திருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே, அவள் புறப்பட்ட பன்னிரண்டாம் நாள், மலையோர ஊர் ஒன்றின் முத்திரையோடு எனக்கு ஒரு பார்சல் வந்தது. பழுப்புக் காகிதம், குறுக்கும் நெடுக்குமாகச் சணல், முடிச்சில் அரக்கு. மேடை காட்டிய கூடுதல் இருநூறு கிராம் எங்கே இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. பட்டியலில் இல்லாததைப் பையில்தான் சேர்க்கக் கூடாது; கோட்டைப் பற்றி விதியில் ஒரு வார்த்தையும் இல்லை. சீட்டில் அவள் கையெழுத்தில் எடை: 600 கிராம்.

பிரித்தேன். உள்ளே குறிப்பேடு, கண்ணாடி, வெப்பமானி, காலணிக் கயிறு, விசில். கோட்டில் ஏறிப் போனவை இவைதான். தராசில் வைத்தேன். நானூறு, ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இவற்றை நான் விட்டுக்கொடுத்திருந்தால் பை அன்றைக்கே ஒன்பது கிலோவில் நின்றிருக்கும். பதினோரு பைகளும் தேவைப்பட்டிருக்காது.

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் மட்டும் எழுத்து இருந்தது. இம்முறை நான் கேட்காமலே கொடுத்த ஒப்புதல்: “ஒன்பதாம் நாள். நூற்று முப்பது கிலோமீட்டர். கால் நன்றாக இருக்கிறது. இந்தப் பார்சலைக் கட்டியது நானே. இதன் எடையில் தம்பிக்கு எந்தப் பங்கும் இல்லை.”

அத்தானிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

“மச்சான், இதையும் ஃபைல்ல வெப்பீங்களா?”

வைத்திருக்கிறேன்.