வெறுந்தொட்டில் ஆடக் கூடாது

போன ஞாயிறு காலை, தலத்தெருவிலிருந்து காரைக்கால்மேட்டுக்கு மீன் வாங்கப் போனேன். திரும்பும்போது பையில் ஒரு நெத்திலி கூட இல்லை. ஏலத்தில் மீன் இல்லையா? குவிந்து கிடந்தது. விஷயம் வேறு…

அதற்குப் போன வருடத்துக் கூத்தைச் சொல்லியாக வேண்டும். பிரான்சில் குடியேறிவிட்ட என் கணவரின் அண்ணன், லீவில் வந்தபோது ஒரு நீல நைலான் வலையைக் கொண்டுவந்தார். ஹேமக்! இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்க வேண்டுமாம். "அங்கல்லாம் லீவு விட்டா காட்டுக்குப் போயி இதுலதான் தூங்குவாங்க. கேம்பிங். நீங்களும் போயிட்டு வாங்க" என்றார்.

காட்டுக்கு நாங்கள் எங்கே போக? இதே காரைக்கால்மேட்டுக் கடற்கரைக்குப் போனோம்… பாய், புளிச்சோறு, டிரான்சிஸ்டர் சகிதம். சவுக்கெல்லாம் சின்னக் கன்றுகள். தோதாக இருந்தவை அம்மன் கோயில் பக்கத்து வேம்பும் பூவரசும்தான். என்னவர் கட்டினார், ஏறினார், படுத்தார். பிரான்சுக்கே போய்விட்ட மாதிரி ஒரு சிரிப்பு.

அப்போது மீன்கூடைகளோடு மூன்று பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவள் நிறைமாதம். பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது.

"ஆம்பள அதுல படுக்கக் கூடாதுங்க. எறங்குங்க" என்றாள்.

ஏன்? அவள் கை காட்டிய பிறகுதான் பார்த்தோம். வேம்பின் மறுபக்கக் கிளை முழுக்க, மஞ்சள் துணியில் குட்டிக் குட்டித் தொட்டில்கள். பிள்ளை வரம் வேண்டிக் கட்டியவை.

"இவ்ளோ பெருசா கட்டிருக்கீங்களே… கல்யாணமாயி எத்தன வருசங்கக்கா?"

ஒன்பது என்றேன். கல்யாண வீட்டில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வாசலில் என்று எல்லா இடத்திலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விதான். கேட்கிறவர்கள் பதிலுக்கு முன்பே என் வயிற்றைப் பார்ப்பார்கள். அஞ்சலை என் முகத்தைப் பார்த்தாள். கோயிலிலிருந்து குங்குமம் எடுத்துவந்து ஹேமக் கயிற்றில் வைத்தாள். மூவரும் கண்ணை மூடி எங்களுக்காக வேண்டிக்கொண்டார்கள்.

"இல்லம்மா, இது தூங்குறதுக்கு…" என்று ஆரம்பித்தார் என்னவர். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. ஒரு குறையும் சொல்லாமல் எனக்காக ஒருத்தி வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அந்த ஹேமக்கை அவிழ்த்து எடுத்துப்போக யாருக்கு மனசு வரும்? அன்று மணலில் பாய் விரித்துத்தான் எங்கள் கேம்பிங்!

வருடம் ஓடிவிட்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் போன ஞாயிறு அந்தப் பக்கம் போகவே தயக்கம். ஆனாலும் கால் போனது. போய்ப் பார்த்தால்… வெளுத்துப்போன ஹேமக்கில், மடித்த சேலை மேல் ஒரு குழந்தை தூங்குகிறது.

அஞ்சலை கூடையை வைத்துவிட்டு ஓடி வந்தாள். "தப்பா நெனைக்காதீங்கக்கா. காத்துல அது வெறுமனே ஆடிக்கிட்டே கெடந்துச்சு. வெறுந்தொட்டி ஆடுனா ஆவாதுல்ல? அதான் எம்பொண்ணப் போட்டு வெச்சேன். ஒங்களுக்குப் பொறக்கட்டும், இவள எடுத்துக்குறேன்."

அவள் மீன் விற்று முடிக்கும்வரை நான்தான் ஆட்டினேன். எங்கள் தொட்டில் காலியாக ஆடிவிடக் கூடாது என்று ஒருத்தி இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் — எனக்குத் தெரியாமலே! இதற்கு எப்படி நன்றி சொல்வது? மீன் ஞாபகமே வரவில்லை.

வீட்டில் என்னவர் பையை எட்டிப் பார்த்தார். "மீன் எங்க?"

"நம்ம தொட்டில்ல புள்ள தூங்கிட்டிருந்துச்சுங்க."

அவர் பையை மடித்து ஆணியில் மாட்டினார். கத்தரிக்காயை எடுத்து, அவரே நறுக்க ஆரம்பித்தார்.