நான்கு நிறத்து அட்டை மீன்கள்

சைகோனில் வேலை பார்த்த மாமா விடுப்பில் பாகூருக்கு வந்தபோது ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்தார். உள்ளே கடல் வரைந்த அட்டைத் தொட்டி, நான்கு குட்டித் தூண்டில்கள், மூக்கில் கம்பி வளையம் மாட்டிய இருபத்துநான்கு அட்டை மீன்கள். நிறத்துக்கு ஆறு. நான்தான் எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். ஒன்று தொலைந்தாலும் பெட்டியே வீண் என்ற கவலை எனக்கு அந்த வயதிலேயே உண்டு.

தூண்டில் என்ன நிறமோ அந்த நிறத்து மீனைத்தான் தூக்க வேண்டும். வேறு நிறம் மாட்டினால் திரும்பப் போட்டுவிட வேண்டும். தன் மீன்கள் எல்லாவற்றையும் முதலில் எடுப்பவருக்கு நீலக் கண்ணாடி மணிமாலை என்றார் மாமா. ஆடியவர்கள் மாமாவின் இரண்டு பையன்கள், நான், என் தங்கை. பையன்கள் எங்களுக்கு மாலை எதற்கு? ஜெயித்தால் போதும். தங்கைக்கு மாலைதான் வேண்டும். காலையிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை.

அவள் இடக்கைக்காரி. அதை மாற்றுவதற்காக அம்மா அவள் இடக்கையில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள். சாப்பிடும்போதும் சிலேட்டில் எழுதும்போதும் அந்தப் பொட்டலக் கை மடியில் கிடக்கும்.

வலக்கையில் சிவப்புத் தூண்டில் நடுங்கியது. முள், வளையம் வரைக்கும் போய் நழுவியது. மாமாவின் பெரிய பையன் நான்கு மீன் சேர்த்தபோது அவளிடம் ஒன்றுதான்.

“இன்னாடி, மீனுக்குத் தாலாட்டு பாடுறியா?” என்றான் அவன்.

அவள் கண் கலங்கிவிட்டது. மாமா அடுப்பங்கரை வாசலில் நின்ற அம்மாவிடம், “கட்ட அவுத்து வுடுக்கா. வெளையாட்டுதான?” என்றார்.

“பீச்சாங்கையாலயா? நல்லா சொன்ன போ. நாளைக்குப் போற வூட்ல என்னியத்தான் கேப்பாங்க.”

தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்: “யம்மா, நெஜ மீன ஆயும்போது நீ மட்டும் ரெண்டு கையாலயும் புடிக்கிற?”

மாமாதான் முதலில் சிரித்தார். அம்மாவின் இரண்டு கைகளிலும் செதில் ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, “வாயப் பாரு இதுக்கு” என்று முடிச்சை அவிழ்த்தாள். “மீனு புடிக்கிறதோட சரி. மாலைய சோத்தாங்கையாலதான் வாங்கணும்.”

அப்புறம் தூண்டில் நடுங்கவில்லை. இரண்டு, மூன்று என்று சிவப்பு மீன்கள் வரிசையாக ஏறின. பெரியவன் ஐந்தோடு நின்றான். அவசரத்தில் அடுத்தவர் மீனையே தூக்கித் தூக்கித் திரும்பப் போட்டான். தங்கை கடைசி மீனைத் தூக்கியபோது நான் எண்ணிச் சொன்னேன், ஆறு.

மாலையை அவள் வலக்கையை நீட்டித்தான் வாங்கினாள். கழுத்தில் முடிச்சுப் போட்டது இடக்கை. மறுபடி கட்டுவதற்காக அம்மா துணியை உதறினாள். உள்ளே குழம்பு பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் கேட்டது. “ஐயோ” என்று ஓடி, அந்தத் துணியாலேயே சட்டியைப் பிடித்து இறக்கினாள்.

அதற்குப் பிறகு அந்தத் துணி அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை.