சொல்ல மாட்டேன் என்று சொன்னவள்

உட்காரச் சொன்னால் அவளுக்கு உடம்பு சரியில்லாதது போல் ஆகிவிடும். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று நாள் முழுக்க ஊராரை நிறுத்தி வைப்பவள், தான் மட்டும் ஓரிடத்தில் நின்றதில்லை. ஆலயத்து வாலிபப் பிள்ளைகள் அவளுக்குப் பம்பரம் அக்கா என்று பேர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள், அவளும் "என்ன?" என்று திரும்புவாள்.

சனிக்கிழமை மாலை வாலிபர் கூட்டம் அவள் பொறுப்பு. நாற்காலி போடுவதிலிருந்து, வராத பிள்ளையின் வீட்டுக்கு ஃபோன் போட்டுத் துளைத்தெடுப்பது வரைக்கும் அவளேதான். பாட்டுக்கு மட்டும் அவளுடைய கொழுந்தன். அவள் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன், அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். கிடாரைத் தொட்டால் கூடமே நிமிர்ந்து உட்காரும். போதகரிடம் அடம்பிடித்துப் பாடல் குழுவை அவன் கையில் வாங்கிக்கொடுத்தவளும் அவள்தான்.

ஒரு சனிக்கிழமை, கூட்டம் முடிந்து அவள் பின்கட்டில் டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். தையல்காரம்மாவின் மகள் உள்ளே வந்தாள். பதினோராம் வகுப்பு படிப்பவள், அதிகம் பேசமாட்டாள். கழுவிய டம்ளர்களையே எடுத்து மறுபடியும் கழுவினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

"இதென்ன கேள்வி? சொல்ல மாட்டேன். சத்தியமா சொல்ல மாட்டேன்."

வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. பிள்ளைகள் நம்மிடம் மனசைத் திறக்க வேண்டுமே என்கிற ஆசை அவளுக்கு.

அந்தப் பெண் ஃபோனை நீட்டினாள். ஆரம்பத்தில் பாட்டு ஒத்திகைச் செய்திகள். பிறகு, உன் குரல் மாதிரி யாருக்கும் இல்லை. பிறகு, உன்னை நினைத்தால் தூக்கம் வரவில்லை. அதன்பின் அவளிடம் கேட்கக் கூடாத படங்களைக் கேட்டிருந்தான். கடைசியில், இதையெல்லாம் உன் அம்மாவிடம் காட்டினால் உன் பேர்தான் கெடும். எல்லாம் கொழுந்தனுடைய எண்ணிலிருந்து.

ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தவளுக்குக் குழாயை மூடத் தோன்றவில்லை.

அடுத்து வந்த நாட்கள் அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு இடது முழங்காலுக்குப் பதிலாக வலது முழங்காலைப் படம் எடுத்துவிட்டாள். "உங்களுக்கே உடம்பு சரியில்லையா?" என்று டாக்டர் கேட்டார். வீட்டில் துவைத்த துணியையே மறுபடியும் ஊறப் போட்டாள். முழங்காலில் நின்று "ஆண்டவரே" என்று ஆரம்பித்தால் அடுத்த வார்த்தை வராது. எழுந்துபோய் அடுப்பைத் துடைப்பாள். வாக்குக் கொடுத்தாயிற்றே என்று ஒரு பக்கம். அந்தப் பிள்ளையின் முகம் ஒரு பக்கம். இவற்றுக்கு நடுவில், அவன் ஏதோ விளையாட்டாக எழுதியிருப்பானோ என்று ஒரு நப்பாசை வேறு. அந்த நப்பாசை வந்ததற்காகவே தன்மேல் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

கடைசியில் அவள் செய்தது அவசரக் காரியம். டீ குடிக்க வந்த கொழுந்தனிடம், பேச்சோடு பேச்சாக, "நீ பிள்ளைங்களுக்குத் தனியா மெசேஜ் எதுவும் அனுப்பறியா?" என்று கேட்டாள்.

அவன் சிரித்தான். "யார் அண்ணி சொன்னது?"

"யாரும் சொல்லல. பொதுவா கேக்கறேன்."

அவளுக்குப் பொய் சொல்ல வராது என்பது அவனுக்குத் தெரியும். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். பொழுது சாய்வதற்குள் அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது: "சொல்லிட்டீங்கல்ல? யார்கிட்ட காட்டினேன்னு கேட்டு மிரட்டறாரு. உங்கள நம்புனேன் பாருங்க."

அவள் செருப்பை மாட்டியதும் தெரியாது, தெருவைக் கடந்ததும் தெரியாது. தையல் கடைக்குப் பக்கத்துச் சந்தில் அந்தப் பெண்ணைப் பிடித்தாள்.

"நான் அவன்கிட்ட உன் பேர சொல்லல. ஆனா அவன்கிட்ட வாயத் திறந்ததே தப்பு. அதவிடப் பெரிய தப்பு, உனக்கு அந்தச் சத்தியம் பண்ணிக் குடுத்தது. அத நான் காப்பாத்த மாட்டேன். உங்க அம்மாகிட்ட இப்பவே சொல்லப் போறேன். உனக்குத் தெரியாம சொல்லக் கூடாதுன்னுதான் முதல்ல உன்கிட்ட வந்தேன்."

"அம்மா என்னத்தான் அடிப்பாங்க."

"நான் பக்கத்துல நிக்கறேன்."

"நீங்க நிக்க வேணாம்."

ஆனாலும் அந்தப் பெண் ஓடிவிடவில்லை. முறைத்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

தையல்காரம்மா முதலில் மிஷினை நிறுத்தவே இல்லை. பாதிப் பேச்சில் கால் நின்றது. ஃபோனை வாங்கிப் படித்தாள். மகளை அடிக்கவில்லை, பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, அவள் தலையைத் தன் தோளில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு பம்பரம் அக்காவைப் பார்த்து, "உங்க வீட்டுப் பையன்தானே" என்றாள்.

"ஆமா. நான்தான் கொண்டுவந்து விட்டேன்."

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். அவன் பஸ் ஓட்டுகிறவன். அன்றைய வேலை முடிந்து அப்போதுதான் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். கழற்றியதை மறுபடியும் மாட்டிக்கொண்டான்.

"நான் அவன்கிட்ட பேசறேன். வீட்டோட முடிச்சுக்கலாம்."

"நான் பேசிப் பாத்தாச்சுங்க. பேசினதுலதான் அந்தப் பிள்ள மாட்டிக்கிச்சு."

"அவன் என் தம்பி."

"எனக்கு மட்டும் யாராம்?" என்றாள் அவள்.

மறுநாள் தையல்காரம்மாவும் அவளும் போதகரைப் பார்க்கப் போனார்கள். நல்ல மனிதர். கேட்டதும் முகம் வெளிறிவிட்டது. "அவனக் கூப்பிட்டுக் கண்டிக்கறேன். பாட்டுலேருந்து நிறுத்திடலாம். போலீசு அது இதுன்னு போனா சபை பேரு என்னாகும்? ஜெபத்துல வைப்போம்" என்றார்.

"ஐயா, என் பொண்ணு ஃபோன தலகாணிக்கு அடியில வெச்சுக்கிட்டு நடுங்கிட்டு இருந்தப்ப, உங்க சபை எங்க இருந்துச்சு?" என்று தையல்காரம்மா கேட்டாள்.

அவர் எழுந்து கார் சாவியை எடுத்தார். காவல் நிலையத்துக்கு அவரே கூட்டிப்போனார்.

கொழுந்தனின் ஃபோனைச் சோதித்தபோது இன்னொரு பெண்ணுக்கு எழுதியவையும் வெளியே வந்தன. தம்பிக்காக நிலையத்துக்குப் போன கணவனிடம் அவற்றைக் காட்டியிருக்கிறார்கள். அவன் வீடு திரும்பி நெடுநேரம் முகம் கழுவினான். வீட்டோட முடிச்சுக்கலாம் என்ற பேச்சு அதன்பின் அவன் வாயில் வரவில்லை. மாமியார் மட்டும், "என் பிள்ளைய நீயே சிலுவையில அறைஞ்சிட்டியே" என்று சொல்லிவிட்டு மகள் வீட்டுக்குப் போனவர்தான். அதன்பின் இவள் வீட்டு வாசலை அவர் மிதிப்பதில்லை. வழக்கு நடக்கிறது.

வாலிபர் ஊழியத்தை விட்டுவிடலாம் என்று அவள் போதகரிடம் போய் நின்றாள். "விட்டுட்டு எங்க போய் உக்காரப் போறீங்க?" என்றார் அவர். புதிதாக ஊழியத்துக்கு வருகிறவர்களுக்கு நடந்ததைச் சொல்லிக்கொடுங்கள் என்றார். அவளுக்குத் தயக்கம்தான். ஆனாலும் ஒரு ஞாயிறு மதியம் அவர்கள் முன்னால் நின்றாள்.

"எந்தப் பிள்ள வந்து ரகசியம்னாலும் சத்தியம் பண்ணாதீங்க. 'உனக்கு ஆபத்துன்னா நான் சொல்லியே ஆகணும், ஆனா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்'னு முதல்லயே சொல்லிடுங்க. அதனால அது வாயத் திறக்காம போனாலும் போகட்டும், திரும்ப வரும். தப்பு பண்ணவன்கிட்ட நீங்களே போய் விசாரிக்காதீங்க, நான் பண்ணின மாதிரி. மூடின கதவுக்குள்ள தனியா பேசாதீங்க. மெசேஜ்னா குழுவுல போடுங்க, பெரியவங்க ரெண்டு பேராவது பாக்கற மாதிரி. நம்ம வீட்டு ஆளுன்னு யாருக்கும் விலக்கு வேணாம்."

பக்கத்தில் கோணலாகக் கிடந்த நாற்காலியை நேராக்கினாள். "அப்புறம் ஜெபம். அந்த நாட்கள்ல என்னால ஜெபம் பண்ண முடியல. ஆண்டவர் பேசலன்னு நினைச்சேன். அவர் 'எழுந்து போ'ன்னு சொல்லிட்டே இருந்திருக்கார், நான்தான் வேற பதில் வருமான்னு பாத்துட்டு இருந்தேன்."

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள்: "அந்தப் பிள்ள இப்ப உங்ககிட்ட பேசுதா அக்கா?"

"அவங்க வேற சபைக்குப் போறாங்க. அங்க பாடறாளாம். பஸ் நிறுத்தத்துல ஒரு தடவ பாத்தேன். தலைய மட்டும் ஆட்டினா."

"உங்கள மன்னிச்சிருப்பா."

"தெரியல. நான் போய்க் கேக்க முடியாது. கேட்டா, எனக்காக அவ மன்னிக்க வேண்டியதாயிடும்."

அடுத்த கேள்வி வருவதற்குள் அவள் வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்துவரப் பின்கட்டுக்குப் போயிருந்தாள்.