நாலாம் வகைக்காரி

முன்னறையிலிருந்து, பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நர்ஸ் மெரில், கணவன் டெஸ்மண்டின் காதுக்கட்டைப் பிரிக்கிறாள் என்று சமையலறையில் நின்ற கொன்செட்டாவுக்குப் புரிந்தது.

போன வாரம்தான் அந்தக் காதின் மேல்விளிம்பை வெட்டியெடுத்தார்கள். அவன் உடம்பில் புற்றுக்காக விழுந்த மூன்றாவது வெட்டு அது. செம்பட்டை முடிச் செந்தலை, பால்வெளுப்புத் தோல், நாற்பது வருஷம் இன்னிஸ்ஃபெயில் ஊரின் கரும்புக்காட்டு வெயில். வேறென்ன நடக்கும்?

கொன்செட்டா, சிசிலியிலிருந்து கரும்பு வெட்ட வந்தவரின் மகள். கல்யாணமான மறுநாள் கடற்கரையில் டெஸ்மண்ட் வெந்து கொப்பளித்தான். அவள் தேன்நிறமாகக் கருத்ததோடு சரி. அன்று தொடங்கியது அவள் காவல். பிறந்த மூன்றும் அப்பனைப் போலவே செந்தலை. தொப்பி, முழுக்கை, மூக்கு நிறையக் களிம்பு இல்லாமல் எதுவும் வாசல் தாண்டியதில்லை. வருஷம் தவறாமல் ஜூன் மாதம் நால்வரையும் கெய்ன்ஸ் நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போய்த் தோலைக் காட்டுவாள். அங்கே சுவரில், வெயில் தாங்காத ஒன்று முதல் நன்றாகத் தாங்கும் ஆறு வரை, ஆறு வகைத் தோலின் படம் இருந்தது. "நாங்க ஒண்ணு, அம்மா நாலு" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவர்கள் உள்ளே போக, அவள் வெளியே பத்திரிகை புரட்டுவாள். இருபத்தெட்டு வருஷத்தில் ஒருநாளும் அவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அவளும் கேட்கவில்லை.

தேநீரோடு முன்னறைக்கு வந்தாள்.

"ஏன் கோனி, நொண்டுறீங்க?" என்றாள் மெரில். கொன்செட்டா ஊருக்கெல்லாம் கோனிதான்.

"கரும்புக்கட்டை குத்திச்சு. பழைய காயம்."

"அவளை விடு மெரில்," என்று டெஸ்மண்ட் சிரித்தான். "என் பொண்டாட்டியப் பாத்தா சூரியனே ஒதுங்கிப் போகும். நாலாம் வகை."

"நீங்க வாயை மூடுங்க, காது ஆடுது. கோனி, செருப்பைக் கழட்டுங்க."

கொன்செட்டா தேநீரைக் கொடுத்துவிட்டு, ஒரு செருப்பைக் கழற்றிக் குதிகாலைக் காட்டினாள். எட்டு மாதம் முன்பு உளுந்தளவு இருந்த கறுப்பு அது. ரத்தக்கட்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தான் படுத்தால் இந்த வெளுத்த ஜீவன்களை யார் காப்பது என்ற பயத்தில், அதைப் பார்ப்பதையே நிறுத்தியிருந்தாள்.

குதிகாலில் காசளவு கறுப்பு, ஓரம் பிசிறி, நடுவில் ஈரமாக இருந்தது. மெரிலின் முகத்தில் சிரிப்பு மறைந்தது.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"வெயில்தான் எனக்கு ஒண்ணும் பண்ணாதே…"

"உள்ளங்கால்ல புத்து வர்றதுக்கு வெயிலே வேண்டாம் கோனி. எந்த நிறத்துக்கும் வரும்."

டெஸ்மண்டின் தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது. "எத்தனை நாளா?" என்றான். அவள் சொன்னாள். "பக்கத்துல படுத்திருக்கேன். எங்கிட்டகூட சொல்லலியே."

"நீ கேக்கலியே டெஸ்."

அவன் கண்கள் நிறைந்தன. மெரில் வெளியே போய் யாரிடமோ போனில் தாழ்ந்த குரலில் பேசிவிட்டு வந்தாள்.

"நாளைக்கு எட்டு மணிக்கு கெய்ன்ஸ். தள்ளிப் போடக்கூடாது."

"பிழைப்பேனா?"

"வெட்டி எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். பொய் சொல்ல மாட்டேன்."

கொன்செட்டா தலையசைத்தாள். "பிள்ளைங்களுக்கு நானே சொல்லிக்கிறேன். நீ முந்திக்காதே" என்று டெஸ்மண்டிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டாள்.

மெரில் அவள் தோளை அழுத்திவிட்டுப் படியிறங்கினாள். டெஸ்மண்ட் எழுந்திருக்கப் பார்த்தான். அவனை உட்காரச் சொல்லிவிட்டு, ஒற்றைச் செருப்போடு போய் கொன்செட்டாவே கதவைச் சாத்தினாள்.