யாரும் தூக்காத யானை

அவர் மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மாமல்லபுரம் போன எங்கள் சுற்றுலா பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை. குள்ளம், தடித்த கழுத்து. எதைப் பார்த்தாலும் கொக்கியை எங்கே மாட்டலாம் என்று தேடுவார். அங்கிருந்த கல் யானையைச் சுற்றியும் தேடினார்.

"இத எப்படி லா தூக்கி வெச்சாங்க?"

"தூக்கவே இல்லண்ணே. இங்க கெடந்த பாறையவே யானையா செதுக்கிட்டாங்களாம்."

தொப்பியைக் கழற்றினார். விமான நிலையத்துக்குக் கிளம்ப பஸ் ஹாரன் அடித்தது.

"அண்ணே, பிளைட்ட விட்டா வேலை போயிரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தெரியும். நீ போ லா. நான் இன்னும் அந்தப் பக்கம் பாக்கல."

யானையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து நின்றார். வேலை போனால் என்ன ஆகும் என்று பலமுறை பட்டவன் நான். இழுத்து வந்திருக்கலாம். கும்பிடுகிறவரை இழுப்பதுபோல் இருந்தது; நான் மட்டும் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.