வெறுங்காலோடு வந்தவள்

நீங்கள் நம்பமாட்டீர்கள், தெரியும். இப்படியான கதைகளைக் கேட்டால் சிரித்துவிட்டு எழும்பிப் போகிற ஆள்தான் நானும். அறிவியல் படிக்க ஆக்லாந்து வந்தவளுக்குப் பேயாவது பிசாசாவது.

அப்போது பல்கலைக்கழக விடுதியில் இருந்தேன். தவணை விடுமுறை, எங்கள் மாடியில் எல்லோரும் வீடுகளுக்குப் போய்விட்டார்கள், என் ஊர் மன்னார் என்ன பக்கத்திலா இருக்கிறது, நான் மட்டும் பொதுச் சமையலறையில் நூடில்ஸ் அவித்துத் தின்றுகொண்டு கிடந்தேன். காய்ச்சல் தொடங்கியது. வெறும் சளி, தடிமன்தானே என்று பனடோல் போட்டுப் படுத்தேன். மத்தியானம் பார்த்தால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, ஃபோனை எட்டி எடுக்கக்கூட ஏலவில்லை.

அப்போதுதான் கட்டில் ஓரத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், மெத்தை அமுங்கியது. என் தலைமயிரைக் கோதிக் கோதி, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே ஒரு குரல் சொன்னது:

"நித்திரை கொள்ளாதை குஞ்சு. ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன்."

பயமே வரவில்லை. அந்தக் கை விலகியபோதுதான் அழுகை வந்தது.

கொஞ்ச நேரத்தில் விடுதிப் பொறுப்பாளன் சியோனே, டொங்கா தீவுக்காரன், சாவியோடு ஓடிவந்து பூட்டியிருந்த கதவைத் திறந்தான். மூளைக்காய்ச்சல், இன்னும் தாமதித்திருந்தால் தப்பியிருக்கமாட்டாய் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

"உன் அக்காவுக்குத்தான் நன்றி சொல்லவேண்டும். அவர்தான் வந்து என்னைக் கூப்பிட்டார். அப்படியே உன் முகம்" என்றான் சியோனே.

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

இதை அம்மாவிடம் ஃபோனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"காலில செருப்பு போட்டிருந்தவளோ? கேட்டுச் சொல்லு."

கேட்டேன். வெறுங்கால் என்றான் சியோனே. இந்த ஊரில் வெறுங்காலோடு கடைக்கே போவார்கள், அவனுக்கு அதில் ஒரு புதினமும் தெரியவில்லை. அதைச் சொன்னதும் அம்மா ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, "வெறுங்காலோடைதானே போனவள்" என்று அழுதது எனக்குக் கேட்டது. "ஆரம்மா அது?" என்று எத்தனை தரம் கேட்டும், "சாப்பிட்டியோ?" என்றுதான் பதில் வந்தது.

இப்போது ஆக்லாந்திலேயே கிளென் ஈடனில் இருக்கிறேன், வேலை, வீடு என்று காலம் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்ததும் அம்மா ஃபோன் எடுப்பார். என் சுகமெல்லாம் விசாரித்துவிட்டு, வைப்பதற்கு முன்னால் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார்.

"அவளும் சுகமோ?"

"ஓம் அம்மா" என்று சொல்லிவிடுகிறேன்.