விழுது இறங்காத கடலை

அரிமளத்துக்குத் தெற்கே, வெட்டினால் மண்வெட்டி கணீரென்று ஒலிக்கும் செம்மண் காடு அடைக்கலத்துடையது. அவனும் மனைவி செவந்தியும் அதில் எல்லாவற்றையும் கலந்தே விதைப்பார்கள். மேட்டில் கடலை, ஊடே துவரை, வரப்போரம் ஆமணக்கு, கிணற்றை ஒட்டிய தாழ்வில் கேப்பை. ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று கஞ்சிக்கு ஆகும் என்று ஒரு நம்பிக்கை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் வருடா வருடம் மழை பொய்த்ததில் அதுவும் தேய்ந்துகொண்டே வந்தது.

அந்த ஆவணியில் கிணற்றில், மாடு கட்டி இறைக்கும் கமலைச் சால் முங்கத் தண்ணீரில்லை. இன்னும் தோண்டினால் ஊற்று திறக்கும் என்று அடைக்கலம் கடப்பாரையோடு உள்ளே இறங்கினான். செவந்தி மேலே நின்று கூடையில் மண்ணை இழுத்துக் கொட்டினாள். திடீரென்று பக்கச் சுவர் சரிந்தது. புழுதி அடங்கியபோது அவன் இடுப்புவரை மண்ணுக்குள் கிடந்தான். பக்கத்துக் காட்டு ராக்கன் அவள் அலறல் கேட்டுக் கயிற்றோடு ஓடிவந்து அவனை மேலே ஏற்றினார். புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது, இனி நடக்க மாட்டான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கிணறு பாதி தூர்ந்துபோயிற்று. செவந்தி வறண்ட கண்மாய்க்குள் குழி பறித்து, கசிகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் சேர்த்தாள். வீட்டுக்கும் மாடுகளுக்கும் போக மிஞ்சியதுதான் பயிருக்கு. துவரையும் ஆமணக்கும் ஆழமாக வேர் விட்டவை, கொஞ்சம் தாங்கும். கடலை அப்படியில்லை. பூ பூத்து, மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்க வேண்டிய விழுது மண்ணைத் தொட்டும் உள்ளே போக முடியாமல் நுனி கருகி நின்றது.

"கடலைக்கு ஊத்து புள்ள," என்றான் படுத்திருந்த அடைக்கலம். "மண்ணு எளகுனாத்தான் விழுது எறங்கும்."

"மேடு பூராவும் கொடத்துல நனைக்க முடியுமாங்க? கேப்பையாவது ஒரு மூலைதான். அதுக்கு ஊத்துனா நம்ம வாய்க்குக் கூழாச்சும் வரும்."

"வெதைக்கடலை போச்சுன்னா அடுத்த ஆடிக்கு எங்கிட்டுப் போறது?"

"அடுத்த ஆடி வரைக்கும் நம்ம இருக்கணும்ல!"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். வைக்கோலும் தீர்ந்துவிட்டது, மாடுகளுக்கு விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கடலைக் கொடி நின்றபடியே கருகி இலை உதிர்ந்துபோனால் மாட்டுக்குக்கூட ஆகாது. மறுநாள் காலையில் செவந்தி மேட்டில் இறங்கிப் பச்சை இருக்கும்போதே கடலையைப் பிடுங்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு கொடியையும் திருப்பிப் பார்த்தாள். ஒரு பிஞ்சாவது பிடித்திருந்தால் நிறுத்திவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ. கை ரத்தம் கட்டிப்போனது. சுமையை வாசலில் போட்டு அவள் மாடுகளை அவிழ்த்துவிட்டாள். அவை கொடியை மெல்லுகிற சத்தம் கேட்டு அடைக்கலம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

புரட்டாசி பிறந்த கையோடு மழை பிடித்தது. வருடக்கணக்காக வராத மழை, ஊரே தெருவில் நின்று நனைந்தது. செவந்தி மட்டும் மேட்டில் போய் நின்றாள். துவரைச் செடிகளுக்கு நடுவே வெறும் மண், ஊறி, விரலை வைத்தால் அமுங்கும்படி நெகிழ்ந்து கிடந்தது.

நனைந்தபடி வந்து அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"என்னய நல்லா வைஞ்சிருங்க. பொறுக்காமப் புடுங்கிட்டேன்."

"நானும் வானத்தப் பாத்துக்கிட்டேதான் கெடந்தேன். மழ வரும்னு எனக்கு மட்டும் தெரிஞ்சிச்சா?" என்றான் அவன். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் அவளுக்கு மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

கேப்பை விளைந்தது. துவரையும் ஏதோ காய்த்தது. கூழும் துவரைப் பயறுமாகக் கோடை வரை ஓடியது. ஆனால் படுத்தே கிடந்ததில் வந்த முதுகுப் புண் புரையோடி, அடுத்த விதைப்புக்கு முன்பே அடைக்கலம் கண்ணை மூடினான்.

செவந்தி தனியாளாகச் சில வருடம் ராக்கனிடம் விதை வாங்கி விதைத்துப் பார்த்தாள். ஒரு வருடம் பூச்சி, ஒரு வருடம் காய்ச்சல், ஒரு வருடம் அறுப்பு நேரத்தில் அடைமழை. அறுபதுகளில் அந்தப் பக்கம் கரண்டு வந்து ராக்கன் கிணற்றில் மோட்டார் ஓடியது. தண்ணீர் தருகிறேன் என்று அவர் சொல்லியும் கேட்காமல், காட்டை அவரிடமே விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கு விட்டுவிட்டு ரோட்டு வேலைக்குக் கல் உடைக்கப் போனாள்.

"சொந்தக் காடு இருக்கையில இது எதுக்கு ஆத்தா?" என்றார் ராக்கன்.

"அங்க வானத்தப் பாக்க வேண்டியதில்லண்ணே," என்றாள்.